ரோமில் எட்டு மணி நேர ட்ரான்சிட்: எந்த ரயில், எந்த நடை?

ரோம் ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கி, அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இடையில் ஊருக்குள் போய்வரலாமா? போய்வரலாம். ஆனால் ஊருக்குள் கிடைப்பது எட்டு மணி நேரம் இல்லை, ஒன்றே முக்கால் மணி நேரம்தான். இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டால் எந்த ரயில், எந்தத் தெரு என்ற குழப்பத்தில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

காலை 8 மணிக்கு இறங்குகிறீர்கள், மாலை 4 மணிக்கு அமெரிக்காவுக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டிலிருந்து நடந்து, சில கேட்டுகளில் தானியங்கி ஷட்டில் பிடித்து, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, டெர்மினல் வாசலுக்கு வர ஒன்றே கால் மணி நேரம் ஆகும். 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைகளில் முத்திரைக்குப் பதில் கணினிப் பதிவு படிப்படியாக வந்துவிட்டது. முதல் தடவை நுழைபவரை நிறுத்தி முகப்படம் எடுத்துப் பதிவுசெய்வதால், பல விமானங்கள் ஒன்றாக இறங்கும் காலை நேரத்தில் வரிசை நீளும். ஆக, வெளியே வர 9:15. திரும்பி டெர்மினல் வாசலில் நிற்க வேண்டிய நேரம் 1:30. பாதுகாப்புச் சோதனை, வெளியேறும் இமிக்ரேஷன், அமெரிக்க விமானம் என்றால் கேட்டில் கூடுதல் விசாரணை ஆகியவற்றுக்கு இரண்டரை மணி நேரத்தைத் தொடக்கூடாது. மிஞ்சுவது நாலே கால் மணி நேரம். ரயில், மெட்ரோ, டிராம், காத்திருப்பு எல்லாம் போக, கல் பாவிய ரோம் தெருவில் உங்கள் கால் நிற்பது 10:30 முதல் 12:15 வரை.

இதே கணக்கை ஆறு மணி நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் மிஞ்சாது. ஆறு மணி நேரம் என்றால் விமான நிலையத்திலேயே இருந்துவிடுங்கள். ஏழு மணி நேரம் என்றால் முக்கால் மணி நேரம் கிடைக்கும்; அதற்காக அலைவது வீண். எட்டு என்பது கீழ் எல்லை. பத்து என்றால் நிதானமாக, உட்கார்ந்து சாப்பிட்டே வரலாம்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

விசா இல்லாமல் இந்திய பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தை விட்டு வெளியே வர முடியாது. அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இதற்கு உதவாது; ஷெங்கன் விசாதான் வேண்டும். ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவர்கள் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். போகும்போது ரோமில் வெளியே வந்து மறுபடி விமானம் ஏறினால் அந்த ஒரு நுழைவு தீர்ந்தது. திரும்பி வரும் வழியில் பாரிஸிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ நாலு நாள் தங்கத் திட்டமிருந்தால், அது இந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்காகப் போய்விடும். இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கும் டிரான்சிட் விசா கேட்கப்படும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது; அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால் விலக்கு உண்டு. இந்தியா அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை.

இரண்டு பயணங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேரே கடைசி ஊருக்குப் போய்விடும், கைப்பையோடு வெளியே வரலாம். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் கவுண்டரில் போட வேண்டும். எட்டு மணி நேரம் போதாது. கைப்பையே சக்கரம் வைத்ததாக இருந்தால் டெர்மினல் 3 வருகைத் தளத்தில் உள்ள லக்கேஜ் அறையில் விட்டுவிடுங்கள். ரோமின் தெருக்களில் பதித்திருப்பது கைப்பிடியளவு கருங்கல் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும், சின்னச் சக்கரம் அதில் மாட்டிக்கொண்டே வரும். மழை பெய்தால் அதே கல் வழுக்கும். ரப்பர் அடி வைத்த ஷூதான் இந்த ஊருக்குச் சரி.

இதோடு ஒரு சின்ன எச்சரிக்கை: ரோமுக்கு இன்னொரு விமான நிலையமும் உண்டு, சாம்பினோ. அங்கிருந்து ஊருக்குள் வரும் வழிகள் முற்றிலும் வேறு. இங்கே சொல்வதெல்லாம் ஃபியுமிச்சினோவுக்கு மட்டும்.

வேகமான ரயில் வேகமானதல்ல

விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. மேல்தள நடைபாதை வழியே டெர்மினலிலிருந்து ஏழெட்டு நிமிட நடை. அங்கே இரண்டு ரயில்கள் போகின்றன.

லியோனார்டோ எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் தெர்மினி நிலையம் போகும். கட்டணம் 14 யூரோ, பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒன்று. எஃப்.எல்.1 என்ற சாதாரண உள்ளூர் ரயில் வழியில் எல்லாம் நின்று, ஏறக்குறைய 27 நிமிடத்தில் த்ராஸ்தேவெரே, 32 நிமிடத்தில் ஒஸ்தியென்ஸே போகும். கட்டணம் 8 யூரோ. வேலை நாளில் 15 நிமிடத்துக்கு ஒன்று, ஞாயிறும் விடுமுறை நாளும் அரை மணிக்கு ஒன்று. இது தெர்மினி போகாது.

எங்கே பார்த்தாலும் முதலில் பரிந்துரைக்கப்படுவது எக்ஸ்பிரஸ்தான். எட்டு மணி நேரக்காரருக்கு அது அவ்வளவு சரியான பரிந்துரை இல்லை என்பது எங்கள் கருத்து. தெர்மினி ஒரு பெரிய சந்திப்பு, பார்க்க வந்த இடம் அல்ல. எக்ஸ்பிரஸ் வந்து நிற்பது நிலையத்தின் ஓரக்கோடியில், 23, 24-ஆம் பிளாட்ஃபாரங்களில். அங்கிருந்து மெட்ரோ பி வழித்தடத்துக்கு இறங்கிப் போகவே எட்டு முதல் பத்து நிமிடம். பிறகு இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். எஃப்.எல்.1 பிடித்தால் ஒஸ்தியென்ஸேயில் இறங்கி, ஒரு நீண்ட சுரங்கப்பாதை வழியே பிரமிதே மெட்ரோ நிலையத்துக்கு வருகிறீர்கள். அதே பி வழித்தடம், எதிர்த் திசையிலிருந்து. அங்கிருந்தும் இரண்டாவது நிறுத்தம்தான் கொலோசியம். 9:40-க்கு எந்த ரயிலில் ஏறினாலும் 10:30 வாக்கில் கொலோசியம் வாசலில் நிற்பீர்கள். ஆளுக்கு 6 யூரோ மிச்சம். பிரமிதேயில் ஒரு நிமிடம் மேலே ஏறி எட்டிப் பார்த்தால், கிறிஸ்து பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன் கெஸ்தியஸ் என்ற ரோமானியருக்குக் கட்டிய கல்லறை, வெள்ளைப் பளிங்குப் பிரமிடாக நகர மதிலோடு ஒட்டி நிற்கும்.

பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் பக்கம்தான் போக வேண்டும் என்றால் எஃப்.எல்.1 இன்னும் பொருத்தம். த்ராஸ்தேவெரே நிலைய வாசலிலிருந்து 8-ஆம் எண் டிராம் ஆற்றைக் கடந்து நேரே லார்கோ அர்ஜென்தினா சதுக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து பாந்தியன் ஐந்து நிமிட நடை. தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் அதே எண்ணில் பஸ் ஓடும்.

எக்ஸ்பிரஸ் சரியாக அமையும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை, அரை மணிக்கு ஒன்று என்ற எஃப்.எல்.1-ஐத் தவற விட்டால் உங்கள் நேரத்தில் கால் பங்கு போச்சு. அன்று எக்ஸ்பிரஸில் போங்கள். வயதான பெற்றோருடன், பிளாட்ஃபாரமும் நிறுத்தமும் தேட விருப்பமில்லாமல் வருபவர்களுக்கும் அதுவே நல்லது, ஏறினால் கடைசி நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும்.

நாலு பேர் குடும்பம் என்றால் டாக்சியையும் கணக்கில் சேருங்கள். ஃபியுமிச்சினோவிலிருந்து பழைய ஔரேலியன் மதிலுக்கு உட்பட்ட எந்த இடத்துக்கும் நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம் 55 யூரோ, நாலு பேர், லக்கேஜ் உட்பட. நாலு எக்ஸ்பிரஸ் டிக்கெட் 56 யூரோ. ஆனால் காலை நெரிசலில் நாற்பது நிமிடப் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், எனவே போகும்போது ரயில், அவசரமானால் வரும்போது டாக்சி என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளை வண்டி, கதவில் 'ரோமா கேப்பித்தாலே' என்ற எழுத்து, கூரையில் விளக்கு: இவை மூன்றும் இருக்க வேண்டும். வருகைக் கூடத்தில் தோளைத் தொட்டு 'டாக்சி, டாக்சி' என்று கூப்பிடுபவர் பின்னால் போகவேண்டாம். விமான நிலைய பஸ்கள் மலிவு, ஆனால் எட்டு மணி நேரக்காரருக்கு ஆகாது. நெரிசலில் மாட்டினால் மீள வழியில்லை.

ரயிலில் தவறு நேரும் இடங்கள் மூன்று. காகித டிக்கெட் வாங்கினால் பிளாட்ஃபாரத்துக்குப் போகும் வழியிலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை போட வேண்டும். போடாத டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான். செயலியில் வாங்கினால் ஏறும் முன் 'செக்-இன்' பொத்தானை அழுத்த வேண்டும். அடுத்து, எஃப்.எல்.1-இன் பலகையில் 'ரோமா' என்று இருக்காது. ஊரைத் தாண்டி வடக்கே போகும் ரயில் என்பதால் ஓர்த்தே, ஃபாரா சபினா என்று கடைசி ஊரின் பெயர்தான் போட்டிருக்கும். மூன்றாவது, எட்டு யூரோ டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறுவது; இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பிளாட்ஃபாரத்தில் நிற்பதால் நடக்கும் தவறு. மெட்ரோவுக்கும் டிராமுக்கும் தனி டிக்கெட் தேட வேண்டாம். காண்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டினால் 1.50 யூரோ எடுத்துக்கொள்ளும், ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். உங்கள் இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் கிளம்பும் முன்னரே செயல்படுத்தி வையுங்கள்.

இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். முன்கூட்டியே அறிவிப்பார்கள், இத்தாலிய மொழியில் 'ஷோப்பெரோ' என்று பெயர். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. உங்கள் நேரம் இவற்றுக்கு வெளியே விழுந்து, அன்று வேலைநிறுத்தமும் இருந்தால், விமான நிலையத்தை விட்டு நகராதீர்கள்.

மூன்று நடைகள்

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ரோமை முழுக்கப் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு ரோமைப் பார்க்கலாம்: பேரரசர்களின் ரோம், நீரூற்றுகளும் தேவாலயங்களும் நிறைந்த பரோக் கால ரோம், போப்பாண்டவரின் வாட்டிகன்.

வாட்டிகனை முதலில் சொல்லி முடித்துவிடலாம். புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, ஆனால் சதுக்கத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை உண்டு. அரை மணியில் முடியலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். முன்கூட்டிச் சொல்ல முடியாத இந்த வரிசைதான் ட்ரான்சிட் பயணிக்கு எதிரி. தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். புதன்கிழமை காலையில் போப்பின் பொதுச் சந்திப்பு இருந்தால் நண்பகல் வரை உள்ளே போவது கடினம். அருங்காட்சியகமும் சிஸ்டைன் சிற்றாலயமும் எட்டு மணி நேரத்தில் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். மற்றபடி வழி சுலபம்: எஃப்.எல்.1-இல் த்ராஸ்தேவெரே, அங்கே எஃப்.எல்.3-க்கு மாறி இரண்டாவது நிறுத்தம் ரோமா சான் பியெத்ரோ, பிறகு பத்து நிமிட நடை. பேதுருவின் கல்லறை முன் முழந்தாளிட வேண்டும் என்பது வாழ்நாள் ஆசையாக இருப்பவர்கள் வேறு எதையும் சேர்க்காமல் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்க முதல் சிற்றாலயத்தில், கண்ணாடிக்குப் பின்னால், மைக்கேலாஞ்சலோ இருபத்தைந்து வயதுக்குள் செதுக்கிய பியேத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் சிலை, இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் இல்லாமல் வாட்டிகன் பரிந்துரை இல்லை.

பேரரசர்களின் ரோம் கொலோசியத்தில் தொடங்குகிறது. இங்கே ஒரு முடிவை மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுக்க வேண்டும்: உள்ளே போகக்கூடாது. டிக்கெட்டில் உங்கள் பெயரும் நுழையும் நேரமும் அச்சாகியிருக்கும். பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் அந்த 18 யூரோ போனதுதான். நேரத்துக்கே போனாலும் சோதனை வரிசை, ஏறி இறங்கல் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் விழுங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. கி.பி. 80-இல் திறந்த இந்த அரங்கம் 189 மீட்டர் நீளம், ஏறக்குறைய 50 மீட்டர் உயரம். முழு வடிவமும் கண்ணுக்குள் அடங்குவது தூரத்தில் நின்றால்தான். மெட்ரோவிலிருந்து வெளியே வந்ததும் கூட்டம் சாலையைக் கடந்து ஓடும். நீங்கள் ஓடாமல், நிலையத்துக்கு மேலேயுள்ள லார்கோ அக்னேசி என்ற மேடைக்குப் படியேறுங்கள். நல்ல படம் அங்கிருந்துதான் கிடைக்கும். கீழே ரோம வீரர் வேடத்தில் நிற்பவர்களுடன் படம் எடுத்தால் பணம் கேட்பார்கள். கையில் நூல் கட்ட வருபவரிடம் கையை நீட்டாதீர்கள்.

அங்கிருந்து பியாத்சா வெனேத்சியா சதுக்கம் வரை ஒரு கிலோமீட்டர், நேர்க்கோட்டுச் சாலை. முசோலினி 1932-இல் பழைய ஃபோரங்களின், அதாவது ரோமானியர்களின் பொதுச் சதுக்கங்களின், மேலேயே போட்டது. ஞாயிறும் விடுமுறை நாளும் வண்டிகள் கிடையாது, சாலை நடப்பவர்களுக்கு. நடக்கும்போது இடப்பக்கம் மூன்று மாபெரும் வளைவுக் கூரைகள் நிற்கும். அது மாக்சென்தியஸ் பேரரங்கம், நாலாம் நூற்றாண்டுத் தொடக்கம். பலரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்துபோகும் இந்த இடத்தில் தமிழர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று மனதாரச் சொல்வோம். இந்தக் கட்டடத்துக்கு முன் இதே நிலத்தில் பேரரசர் தொமிதியன் முதலாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. ஹோர்ரேயா பிபெராதாரியா என்று பெயர். பிபெர் என்றால் லத்தீனில் மிளகு. முசிறித் துறைக்கு யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு போனதாகச் சங்கப் பாடல் சொல்கிறதே, அந்தக் கறி, சேரநாட்டு மிளகு, செங்கடலும் நைல் நதியும் தாண்டி வந்து மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்ட இடம் இதுதான். பேரங்காடித் தெருவின் நடுவே, அரசர்களின் கோயில்களுக்குப் பக்கத்தில் கிடங்கு கட்டி வைத்தார்கள் என்றால் அதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பது சாலையில் நின்றாலே புரியும்.

ஃபோரத்துக்குள் போகவும் டிக்கெட் தேவை. அதற்குப் பதில் கேம்பிதோலியோ குன்றில் ஏறுங்கள். மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த அகலமான சரிவுப் படிகளில் ஐந்து நிமிடம். சதுக்கத்தின் நடுவே குதிரைமேல் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் (நிற்பது நகல், அசல் அருங்காட்சியகத்துக்குள்). எதிரே உள்ள மாளிகையின் வலப்பக்கச் சந்தில் திரும்பி முப்பது அடி வைத்தால் மொத்த ஃபோரமும் காலடியில் விரியும், தூரத்தில் கொலோசியம். காசு இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் இந்தக் காட்சிக்காகச் செலவாகும் கால் மணி நேரத்தைக் குறைக்க வேண்டாம்.

இந்த நடையின் குறை வெயில். சாலையில் நிழலே கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி சாதாரணம், கல் சூடேறித் திருப்பி அடிக்கும். பியாத்சா வெனேத்சியாவில் மெட்ரோ சி வழித்தடத்துக்காக ஆழமாகத் தோண்டிக்கொண்டிருப்பதால் தடுப்புகளைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

பரோக் ரோம் நேர் எதிர். சந்துகள், நிழல், பத்தடிக்கு ஒரு வியப்பு. மதியம் 12 முதல் 4 வரை உங்கள் நேரம் விழுந்தால், கோடையில் யோசிக்காமல் இதையே எடுங்கள். லார்கோ அர்ஜென்தினாவில் டிராமை விட்டு இறங்கியதும், சாலை மட்டத்துக்குக் கீழே நாலு பழங்கோயில்களின் தூண்கள் தெரியும். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட இடமான, பாம்பே என்ற ரோமானியத் தளபதி கட்டிய அவைக்கூடம் இந்த வளாகத்தின் ஓரத்தில்தான் இருந்தது. கம்பி வேலியோரம் நின்று பார்த்தால் போதும்.

வடக்கே 350 மீட்டரில் பாந்தியன். இந்த ஊரில் ஒரே ஒரு கட்டடத்துக்குள் போக முடியும் என்றால் அது இதுதான். நுழைவு 5 யூரோ, 2023 ஜூலை முதல். வாசலிலும் வாங்கலாம், ஆன்லைனில் வாங்கினால் வரிசை குறையும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், அன்று வரிசை சதுக்கத்தைச் சுற்றும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். முகப்பில் 'அக்ரிப்பா கட்டினான்' என்று கல்லில் இருந்தாலும், இன்று நிற்பது ஏறக்குறைய கி.பி. 125-இல் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் முடிந்த கட்டடம். எரிந்துபோன பழைய கோயிலைக் கட்டியவர் பெயரையே அவர் திரும்ப வைத்தார். முகப்புத் தூண் 16, ஒவ்வொன்றும் எகிப்திலிருந்து வந்த ஒற்றைக் கருங்கல், ஏறக்குறைய 12 மீட்டர் உயரம்.

உள்ளே போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கவிகையின் (குவிமாடத்தின்) விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரையும் அதே 43.3, அதாவது உள்ளே ஒரு முழுப் பந்து சரியாகப் பொருந்தும். இரும்புக் கம்பி கிடையாது, வெறும் கான்கிரீட். நிற்பதன் ரகசியம் கலவையில் இருக்கிறது. அடியில் கனமான கல்லையும் செங்கல்லையும் சேர்த்தவர்கள் மேலே போகப்போக எடை குறைத்து, உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல்லைப் போட்டார்கள். சுவரும் அடியில் ஆறு மீட்டர் கனம், உச்சித் துளையோரம் ஒன்றே கால் மீட்டருக்கும் குறைவு. துளைக்குக் கண்ணாடி இல்லை. மழை நேரே உள்ளே விழும். அண்ணாந்து பார்த்து முடித்ததும் கொஞ்சம் குனிந்து தரையையும் பாருங்கள். பளிங்குத் தரை நடுவில் மெல்ல மேடாகி ஓரத்துக்குச் சரியும். நடுப்பகுதிப் பலகைகளில் கட்டைவிரல் நுழையும் அளவில் சின்னச் சின்னத் துளைகள், மொத்தம் 22. விழுந்த மழை அவற்றின் வழியே கீழே ஓடும் ரோமானிய வாய்க்காலுக்குப் போகிறது. உச்சியிலிருந்து விழும் ஒளிவட்டம் கோடை நண்பகலில் தரையில் கிடக்கும், குளிர்காலத்தில் கவிகையின் உட்புறத்திலேயே ஏறி நிற்கும். இருபது நிமிடம் போதும்.

பாந்தியனின் பின்புறச் சதுக்கத்தில் சிற்பி பெர்னினி வடிவமைத்த குட்டி யானை, முதுகில் எகிப்தியக் கல்தூணைச் சுமந்து நிற்கிறது, 1667. கிழக்கே 250 மீட்டரில் சான்த் இக்னாத்சியோ தேவாலயம், நுழைவு இலவசம். கவிகை கட்டப் பணம் இல்லாமல், அந்திரேயா போத்சோ என்ற இயேசு சபைத் துறவி தட்டையான துணியில் கவிகையை வரைந்து மாட்டிவிட்டார். தரையில் பதித்த பளிங்கு வட்டத்தின் மேல் நின்றால் அது உண்மையான கவிகை. பத்தடி முன்னால் நடந்தால் சரிந்து விழுவதுபோல் ஆகிவிடும். படம் எடுக்கக் கண்ணாடி வைத்திருக்கும் இடத்தில் வரிசை நிற்கும், அதில் சேர வேண்டாம். தேவாலயங்கள் பல மதியம் 12:30 வாக்கில் மூடி 3 மணியை ஒட்டித்தான் திறக்கும், ஆகவே இவற்றைக் காலையிலேயே முடியுங்கள்.

பாந்தியனுக்கு மேற்கே ஐந்து நிமிடத்தில் பியாத்சா நவோனா. ரோமானிய ஓட்டப் பந்தய மைதானத்தின் நீள்வடிவம் அப்படியே சதுக்கமாக நிற்கிறது. நடுவிலுள்ள பெர்னினியின் 1651-ஆம் ஆண்டு நீரூற்றில் நாலு கண்டங்களின் நாலு நதிகள் உட்கார்ந்திருக்கின்றன. கையில் நீண்ட துடுப்போடு சாய்ந்திருக்கும் தாடிக்காரரைத் தேடுங்கள். அவர்தான் கங்கை. நமக்குக் கங்கை தாய், ஐரோப்பியச் சிற்ப மரபில் நதிகள் எல்லாம் கிழவர்கள். துணியால் தலையை மூடியிருப்பது நைல், அதன் ஊற்றுக்கண் அன்று யாருக்கும் தெரியாது என்பதால்.

ட்ரெவி நீரூற்றைச் சேர்ப்பதா வேண்டாமா? எட்டு மணி நேரத்தில் வேண்டாம், ஒன்பதில் சேர்க்கலாம். கூட்டத்தில் நகரவே நேரம் பிடிக்கும். தொட்டி விளிம்புவரை இறங்க 2026 பிப்ரவரி முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு 2 யூரோ, மேலே சதுக்கத்திலிருந்து பார்ப்பது இலவசம். காலை 8-க்கு முன் அல்லது இரவில் வாய்த்தால் மட்டும் அதன் அழகு முழுதாகத் தெரியும். அந்தத் தண்ணீரைக் கி.மு. 19-இல் ஊருக்குள் கொண்டுவந்தவர் பாந்தியன் முகப்பில் பெயர் நிற்கும் அதே அக்ரிப்பா. அந்தக் கால்வாயின் பெயரில்தான் இன்றும் நீர் வருகிறது.

நேர்க்கோடாக நடங்கள்

எட்டு மணி நேரத்துக்கு நாங்கள் சொல்வது பேரரசர்களின் ரோமையும் பரோக் ரோமையும் இணைக்கும் ஒரே கோடு. கிளம்பிய இடத்துக்கே திரும்பிவரும் வட்டநடையில் பார்த்த தெருவையே மறுபடி நடந்து இருபது நிமிடம் போகும். இந்த ஊரின் ரயில்கள் அதைத் தவிர்க்க வழி தருகின்றன: ஒஸ்தியென்ஸே வழியாக நுழைந்து கொலோசியம் மெட்ரோவில் வெளியே வாருங்கள், த்ராஸ்தேவெரே வழியாக வெளியேறுங்கள். கொலோசியத்திலிருந்து வெனேத்சியா 1 கிலோமீட்டர், பாந்தியன் இன்னொரு முக்கால், நவோனா 350 மீட்டர், லார்கோ அர்ஜென்தினா அரை கிலோமீட்டர். மொத்தம் 2.6 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய. நடைக்கு நாற்பது நிமிடம், நிற்பதற்கு ஒரு மணி நேரம். கேம்பிதோலியோ ஏறினால் பாந்தியன் வரிசை நீளமாக இருக்கும்போது உள்ளே போவதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். குழந்தையோ முழங்கால் வலிக்காரரோ கூட வந்தால் கோட்டை மறந்துவிட்டு, டிராமில் வந்து டிராமில் திரும்பும் பரோக் நடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் 600 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கும்.

தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை. தெருமுனைகளில் இரும்புத் தூண்போல் நிற்கும் குழாய்களில் நாள்முழுக்கக் குடிநீர் ஓடுகிறது. வளைந்த மூக்குபோன்ற குழாய் என்பதால் நசோனே என்று பெயர். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளையிலிருந்து தண்ணீர் வளைந்து பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு மேசை தேடி உட்கார்ந்தால் நேரம் அங்கேயே முடிந்துவிடும். 'பிட்சா அல் தால்யோ' என்று எழுதிய கடையில் தட்டுத் தட்டாக பிட்சா இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டி, எடைபோட்டு, சுடவைத்துத் தருவார்கள். சைவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்டது, வெறும் தக்காளி பூசியது, மார்கெரித்தா. பக்கத்தில் உருண்டையாக இருக்கும் சுப்ளியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அரிசி உருண்டைதான், ஆனால் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு சேர்த்தது. காபிக்கடையில் பல இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி ரசீதோடு மேடைக்குப் போக வேண்டும். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. கழிப்பறைக்கு வழி அந்தக் காபிதான்.

திரும்பும்போது கடிகாரத்தை மட்டும் நம்புங்கள். 12:15-க்கு லார்கோ அர்ஜென்தினா பக்கத்து வியா அரேனுலா நிறுத்தத்தில் இருக்க வேண்டும். பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். டிராம், மெட்ரோ, தெர்மினி மூன்றிலும் ஜேப்படிக்காரர்கள் தேடுவது பயணக் களைப்பில் இருப்பவர்களைத்தான். த்ராஸ்தேவெரே நிலையத்தில் பலகையில் 'ஃபியுமிச்சினோ ஏரோபோர்த்தோ' என்று முழுப்பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். 12:35 வரை டிராம் வரவில்லையென்றால் அதற்கு மேல் நிற்காதீர்கள். லார்கோ அர்ஜென்தினாவிலேயே டாக்சி நிறுத்தம் இருக்கிறது. ஏறும் முன் 'ஃபியுமிச்சினோ, தரிஃபா ஃபிஸ்ஸா' என்று சொல்லி 55 யூரோவை உறுதிசெய்துகொண்டு உட்காருங்கள்.